வள்ளி என்னும் பெயர்

வள்ளி என்பது கொடியின் பெயர். அதன் கிழங்குக்கும் அதுவே பெயர். சர்க்கரைவள்ளி, மரவள்ளி என்று பிற்காலத்தில் வந்த கிழங்குகளும் அந்தப் பெயரையே ஒட்டிக்கொண்டன. கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த பெண்மகவைக் குறவர் தலைவன் எடுத்து வளர்த்து வள்ளி எனப் பெயரிட்டான் என்பது கந்தபுராணக் கதை.

அதற்கும் பல நூற்றாண்டு முந்தைய நற்றிணையிலேயே முருகனோடு இணைந்தவளாக அவள் இடம்பெறுகிறாள். தினைப்புனத்தில் பரண்மீது நின்று கவண்கல் வீசிக் கிளி விரட்டிய இடமாக வேலூர் மாவட்டத்து வள்ளிமலை போற்றப்படுகிறது; இலங்கையில் கதிர்காமத்துக்கும் அவள் கதை உண்டு. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகம் இப்பெயரை ஊர்தோறும் கொண்டு சென்றது.

வள்ளியம்மை, வள்ளியம்மாள், வள்ளிநாயகி, வள்ளிக்கண்ணு எனப் பெயர் பல கிளை விட்டது. ஆண்களுக்கும் வள்ளிநாயகம், வள்ளிமணாளன் என்று வைப்பதுண்டு. தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, நோயுற்று, 1914-இல் இளம் வயதிலேயே இறந்த தில்லையாடி வள்ளியம்மை இப்பெயரை விடுதலை வரலாற்றிலும் பதித்தார்.