திருட ஒன்றுமில்லாத திருட்டுப் படம்

மூன்றாம் லூபின் அனிமேஷன் திரைப்பட வரிசையில் மூன்றாவதாக வந்தது 'பாபிலோன் தங்கத்தின் கதை'. 1985 ஜூலையில் ஜப்பானில் வெளியானது. அதற்கு முந்தைய இரண்டு படங்களைப் பற்றி இன்றும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இதை மட்டும் ஒரு பத்தியில் கடந்துவிடுகிறார்கள். அந்தப் பத்தியில் வழக்கமாக மூன்று குறைகள் சொல்லப்படும்: கைகால்கள் கோணலாக நீளும் சித்திரப் பாணி, லூபின் அணியும் இளஞ்சிவப்புக் கோட்டு, கடைசியில் வந்து சேரும் வேற்றுக்கிரகச் சங்கதி. படம் பலவீனமானது என்ற தீர்ப்பு சரிதான். ஆனால் சொல்லப்படும் காரணங்கள் அந்தத் தீர்ப்பைத் தாங்கவில்லை. நீண்டு செல்லும் ஒரு வரிசையில் தளர்ந்த படத்தை எப்படி எடைபோடுவது என்ற கேள்விக்கு இந்தப் படத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வரிசையும் அதன் விதிகளும்

மங்கி பஞ்ச் என்ற புனைபெயரில் கசுஹிகோ காதோ வரைந்த சித்திரக்கதை, 1967 ஆகஸ்டில் 'வாராந்திர மாங்கா ஆக்‌ஷன்' இதழில் தொடங்கியது. பிரெஞ்சு எழுத்தாளர் மொரிஸ் லெப்ளாங் 1905இல் படைத்த கனவான் திருடன் அர்சேன் லூபினின் பேரன்தான் கதாநாயகன். அமெரிக்காவின் 'மேட்' நகைச்சுவை இதழும் ஜேம்ஸ் பாண்ட் படங்களும் மங்கி பஞ்சின் கையில் தெரியும். பேரனைச் சுற்றி நால்வர்: குறி தவறாத துப்பாக்கிக்காரன் ஜிகென், பதினாறாம் நூற்றாண்டுக் கொள்ளைக்காரன் இஷிகாவா கோயெமோனின் பதின்மூன்றாம் தலைமுறை வாரிசான வாள்வீரன் கோயெமோன், எந்நேரமும் கட்சி மாறக்கூடிய ஃபூஜிகோ, துரத்துவதையே வாழ்க்கையாகக் கொண்ட இன்டர்போல் ஆய்வாளர் ஜெனிகாதா.

1971இல் வந்த முதல் தொலைக்காட்சித் தொடர் 23 அத்தியாயங்களோடு நின்றது. மசாவாகி ஓசுமி இயக்கத்தில் பெரியவர்களுக்கான கரடுமுரடான கதையாகத் தொடங்கியது. பார்வையாளர்கள் வராததால் பாதியில் ஹயாவோ மியாசாகியும் இசாவோ தகஹாதாவும் பொறுப்பேற்றார்கள். மறு ஒளிபரப்பில்தான் அதற்குக் கூட்டம் சேர்ந்தது. அந்த வரவேற்பு 1977 முதல் 1980 வரை 155 அத்தியாயங்கள் ஓடிய இரண்டாம் தொடருக்கும், அதன் நடுவே இரண்டு திரைப்படங்களுக்கும் வழி திறந்தது. முதல் தொடரில் பச்சைக் கோட்டு, இரண்டாவதில் சிவப்பு, 1984இல் தொடங்கிய மூன்றாவதில் இளஞ்சிவப்பு. கோட்டின் நிறத்தைச் சொன்னாலே எந்தக் காலத்து லூபின் என்று ரசிகர்கள் புரிந்துகொள்வார்கள்.

ஓசுமியின் லூபினும் மியாசாகியின் லூபினும் ஒரே தொடருக்குள்ளேயே வேறு வேறு ஆட்கள் என்றால், 'இது உண்மையான லூபின் இல்லை' என்ற குறைக்கு எடை கிடையாது. எந்தப் பாணிக்கும் இடம் கொடுக்கும் வரிசை இது. ஆனால் பாணி எதுவானாலும், திருட்டுப் படம் பதில் சொல்லியே ஆகவேண்டிய மூன்று கேள்விகள் உண்டு. திருடப்படும் பொருள் எது, அது நமக்கு ஏன் பொருட்டு? அதைச் சுற்றியுள்ள தடை எவ்வளவு உறுதியானது? ஐந்து பேருக்கும் அங்கே வேலை இருக்கிறதா? ஜூல்ஸ் டாசின் 1955இல் எடுத்த 'ரிஃபிஃபி'யில் ஏறக்குறைய அரைமணி நேரம் வசனமும் இசையும் இல்லாமல் ஒரு நகைக்கடைக் கொள்ளை நடக்கிறது. சுவரின் தடிமனும் அலாரத்தின் கூர்மையும் முன்கூட்டியே நமக்குத் தெரிந்திருப்பதால்தான் அந்த மௌனத்தில் மூச்சு முட்டுகிறது. சித்திரமாக வரைந்தாலும் இந்த இலக்கணம் மாறுவதில்லை.

சிகரத்தை அளவுகோலாக்கும் பிழை

இந்த வரிசையில் எந்தப் படம் வந்தாலும் 1979இல் வெளியான 'காலியோஸ்ட்ரோ கோட்டை'யோடுதான் ஒப்பிடுகிறார்கள். மியாசாகியின் முதல் திரைப்படம் அது. வெளியானபோது, முந்தைய ஆண்டின் 'மாமோவின் மர்ம'த்தைவிடக் குறைவாகவே வசூலித்தது. அடுத்த படமான 'நௌசிக்கா'வுக்கு மியாசாகி 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புகழ் பின்னால் வந்தது, வந்தபின் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டது.

அந்தப் புகழுக்குத் தகுதியான படம்தான். கூரைக் காட்சியை மட்டும் பார்த்தால் போதும். கோட்டையின் ஒரு கூரையிலிருந்து இளவரசி கிளாரிஸ் அடைபட்டிருக்கும் கோபுரத்துக்குக் கயிறு கட்டிய சிறு ராக்கெட்டை ஏவ லூபின் திட்டமிடுகிறான். ராக்கெட் கைநழுவிக் கூரைச் சரிவில் உருள்கிறது. அதைப் பிடிக்க ஓடுகிறான். ஓட்டம் வேகமெடுத்து நிறுத்த முடியாமல் போகிறது. வேறு வழியின்றிப் பாய்கிறான். திட்டம் உடைவதும், உடைந்த இடத்திலேயே புதுத் திட்டம் பிறப்பதும் ஒரே ஓட்டத்தில் நடக்கின்றன. கோட்டை எங்கே, கோபுரம் எங்கே, நடுவில் எவ்வளவு ஆழம் என்பதையெல்லாம் மியாசாகி முன்பே காட்டிவிட்டார். அதனால்தான் அந்தப் பாய்ச்சலில் நம் வயிறு கலங்குகிறது. கடைசியில் ஏரி வடிந்து வெளிப்படும் ரோமானிய நகரம் எந்தப் பையிலும் அடங்காத புதையல். திருடனைத் தோற்கடிக்கும் புதையலை வைத்ததில் இந்தப் படம் மூன்று கேள்விகளையும் தாண்டிச் செல்கிறது.

ஆனால் இதை அளவுகோலாக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. காலியோஸ்ட்ரோவின் லூபின் இளவரசியைக் காப்பாற்றும் அன்பான மூத்தவன். மங்கி பஞ்ச் வரைந்தவனோ பெண்பித்தும் குரூரமும் கலந்த போக்கிரி. படத்தை மெச்சிய மங்கி பஞ்சே, இந்த லூபின் தன்னுடையவன் இல்லை என்பதை மறைக்கவில்லை. வரிசையின் மிகச் சிறந்த படம் வரிசையின் இயல்பிலிருந்து மிகவும் விலகிய படமாகவும் இருக்கிறது. அதை வைத்து மற்றதை அளந்தால், பலவீனத்தைக் கண்டுபிடிக்க மாட்டோம், வித்தியாசத்தைத்தான் கண்டுபிடிப்போம்.

பாபிலோனுக்குப் பொருத்தமான ஒப்பீடு சோஜி யோஷிகாவா இயக்கிய 'மாமோவின் மர்மம்'. 1978இல் வந்த அதுவும் விபரீதக் கற்பனைதான். தூக்கிலிடப்பட்ட லூபின் உயிரோடு திரிகிறான். நகலாக்கத்தால் ஆயிரமாயிரம் ஆண்டுகள் வாழ்வதாகச் சொல்லும் குள்ள மனிதன் மாமோ ஃபூஜிகோவுக்கு நித்திய இளமையைக் காட்டி ஆசையூட்டுகிறான். முடிவில் ராட்சத மூளை ஒன்று ராக்கெட்டில் ஏறுகிறது. இவ்வளவும் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம், லூபினின் அடையாளமே பந்தயப் பொருளாக இருப்பது. தூக்கில் தொங்கியவன் நகலா, நடமாடுபவன் நகலா? லூபினிடமிருந்து லூபினையே திருடப் பார்க்கிறார்கள். ஆகவே அறிபுனைவு கலந்ததால் பாபிலோன் கெட்டது என்று சொல்பவர்கள் மாமோவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பாபிலோனில் நடந்தது என்ன

மூன்றாவது படத்தை இயக்க முதலில் பேசப்பட்டவர் மமோரு ஓஷீ. மியாசாகிதான் அவரைப் பரிந்துரைத்தார். ஓஷீ கொண்டுவந்த கதைக்கரு தயாரிப்பாளர்களைத் திகைக்க வைத்தது. திருடத் தகுந்தது எதுவுமே மிஞ்சாத ஒரு காலத்தில் திருடன் என்ன செய்வான்? தேவதையின் புதைபடிவம் ஒன்றைத் தேடிப் போகிறான். கடைசியில் அந்தப் பொருளும் பொய், லூபின் என்ற ஆளும் பொய் என்று ஆகிறது. இது லூபின் படமே இல்லை என்று சொல்லி நிராகரித்தார்கள். அந்தக் கருவின் துண்டுகளை ஓஷீ அதே 1985 டிசம்பரில் வந்த தன் 'தேவதையின் முட்டை'யில் பயன்படுத்திக்கொண்டார்.

வேலை செய்ஜுன் சுசுகியிடமும் ஷிகெத்சுகு யோஷிதாவிடமும் போனது. சுசுகி சாதாரண ஆள் இல்லை. 1967இல் 'பிராண்டட் டு கில்' எடுத்ததற்காக, புரியாத படங்கள் எடுக்கிறார் என்று சொல்லி நிக்காத்சு நிறுவனம் அவரை வெளியேற்றியது. அவர் வழக்குத் தொடுத்தார். அடுத்த திரைப்படத்துக்குப் பத்தாண்டு ஆயிற்று. பாபிலோனின் திரைக்கதையாசிரியர் இருவரில் ஒருவரான அத்சுஷி யமதோயா, 'பிராண்டட் டு கில்'லின் திரைக்கதையிலும் மாமோவின் திரைக்கதையிலும் பங்குகொண்டவர். ஆளும் திறமையும் குறைவாக இருந்ததால் படம் சரிந்தது என்று சொல்ல இங்கே இடமே இல்லை.

கதை நியூயார்க்கில் தொடங்குகிறது. பாபிலோனின் தங்கம் எங்கே போனது என்ற பழைய புதிருக்கான துப்பு லூபினின் கைக்கு வருகிறது. அதே தங்கத்துக்கு மார்சியானோ என்ற மாஃபியாத் தலைவனும் அலைகிறான். ரோசெட்டா என்ற குடிகாரக் கிழவி பாட்டிலும் உளறலிலும் குறிப்புகளை உதிர்த்துக்கொண்டு லூபினைச் சுற்றி வருகிறாள். மோட்டார் சைக்கிள் துரத்தலில் உடல்கள் ரப்பராக வளைந்து, ஜெனிகாதாவின் வெறி நடனமாகவே மாறுகிறது. தொடக்கத்தின் இந்த வேகத்தை வரிசையின் எந்தப் படத்தோடும் வைத்துப் பார்க்கலாம். மேடை ஒளி போலப் பொருத்தமில்லாமல் பாயும் வண்ணங்களில் சுசுகியின் கையெழுத்து தெரிகிறது. கோணல் சித்திரம் இங்கே குறையாகாது. மூன்று கேள்விகளுக்கு வெளியே நின்று பார்த்தால் அதுதான் படத்தின் உயிர்.

கேள்விகளைக் கேட்கத் தொடங்கியதும் படம் தடுமாறுகிறது. தேடப்படும் தங்கம் ஒரு கோபுரமாக வெளிப்படுகிறது, ஆனால் அது யாருடைய காவலிலும் இல்லை. அதைச் சுற்றிச் சுவர் இல்லை, பூட்டு இல்லை, அதைக் காக்கத் தந்திரம் செய்யும் எதிரியும் இல்லை. மார்சியானோ போட்டியாளன் மட்டுமே. புதிரை லூபின் அவிழ்ப்பதைவிட, ரோசெட்டா யார் என்ற உண்மை வெளிவருவதில் புதிர் தானாக அவிழ்கிறது. அவள் விண்ணிலிருந்து வந்தவள். தங்கத்தின் மீது அவளுக்கு உரிமை உண்டு. பொருளுக்கு உரியவளே வந்து நிற்கும்போது திருடனின் சாமர்த்தியத்துக்கு அங்கே என்ன வேலை? ஜிகெனும் கோயெமோனும் உடன்வருகிறார்கள், அவர்கள் இல்லாவிட்டாலும் கதை அதே இடத்துக்குத்தான் போய்ச் சேரும்.

இதில் சுசுகியின் முறையும் சேர்ந்து வினையாற்றியது. நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் அவர் தர்க்கத்தை உடைத்தால், நிஜமான உடலும் நிஜமான தெருவும் அதை எதிர்த்து நிற்கும். அந்த மோதலில்தான் 'பிராண்டட் டு கில்'லின் அதிர்ச்சி பிறந்தது. சித்திரத்தில் எதிர்த்து நிற்க எதுவும் இல்லை. வரைந்தால் கோபுரம் எழும், வரைந்தால் பறக்கும். அங்கே கடினத்தை இயக்குநரே கட்டி எழுப்ப வேண்டும், மியாசாகி கூரையின் சரிவைக் கட்டியதுபோல. சுசுகி கட்டவில்லை. திருட ஒன்றுமில்லாத ஓஷீயின் கதையை நிராகரித்த நிறுவனம், அதற்குப் பதிலாகத் திருட ஒன்றுமில்லாத படத்தையே வெளியிட்டது. ஓஷீயிடம் அது கருப்பொருளாக இருந்தது. இங்கே தெரியாமல் நேர்ந்த ஓட்டை.

பலவீனத்தின் வேறு வகைகள்

எல்லாப் பலவீனமும் இந்த வகையைச் சேர்ந்ததில்லை. 1987இல் வந்த 'ஃபூமா குலத்தின் சதி'யில் செலவைக் குறைக்க வழக்கமான குரல் நடிகர்கள் எல்லோரையும் மாற்றினார்கள். யசுவோ யமதாவின் குரலில் பழகிய காதுக்கு லூபின் அந்நியனானான். 1977 முதல் வரிசையின் நாடித்துடிப்பாக இருந்த யூஜி ஓனோவின் இசையும் இல்லை. வெளியானபோது படத்துக்கு எதிராக இருந்தவை இவை. ஆனால் ஹிடா மலைப்பகுதியில் கோயெமோனின் திருமணம் குலைவதும், புதையல் குகையில் பொறிகளை ஒவ்வொன்றாகக் கடப்பதும் மூன்று கேள்விகளுக்கும் நேராகப் பதில் சொல்கின்றன. அதன் பலவீனம் கேட்பவரின் பழக்கத்தில் இருந்தது. காலம் போகப் போக அது தேய்ந்துவிட்டது.

1996இல் வந்த 'டெட் ஆர் அலைவ்' படத்தை மங்கி பஞ்சே இயக்கினார். படைத்தவனே வந்தால் குறை தீரும் என்ற நம்பிக்கைக்கு அது துணை நிற்கவில்லை. அசலுக்கு நெருக்கமானது, அவ்வளவுதான். வரிசையின் தலைசிறந்த படங்களில் அதைச் சேர்ப்பவர்கள் குறைவு.

மூன்றாவது வகைதான் ஆபத்தானது. 1989இல் ஒசாமு தெசாகி சுதந்திர தேவி சிலையையே லூபினைத் திருடவைத்துத் தொடங்கிய தொலைக்காட்சிச் சிறப்புப் படங்கள், 2013 வரை ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்றாக வந்தன. லூபினின் பழைய காயத்தைத் தொட்ட 1997ஆம் ஆண்டுப் படம் போன்ற விதிவிலக்குகள் உண்டு. ஆனால் பலவற்றில் சூத்திரம் ஒன்றே: தொலைந்த புதையல், அதன் சாவியாக ஒரு அனாதைப் பெண், பேராசைக்கார வில்லன், விடைபெறும் லூபின். இது காலியோஸ்ட்ரோவின் நகல். மூன்று கேள்விகளுக்கும் இவை பதில் வைத்திருக்கின்றன, எல்லாம் கடன் வாங்கிய பதில்கள். தகாஷி யமசாகி 2019இல் முப்பரிமாண கிராஃபிக்ஸில் எடுத்த 'தி ஃபர்ஸ்ட்'கூடப் புதுத் தோலுக்குள் அதே எலும்புக்கூட்டைத்தான் வைத்திருந்தது. பொறி நுணுக்கம் அதில் நன்றாக அமைந்ததால் தப்பித்தது.

தீர்ப்பு

ஒரு வரிசையின் தளர்ந்த படத்தை எடைபோடுகிறவர் முதலில் அதன் பலவீனம் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வந்த குறையைக் காலம் மன்னிக்கும். சூத்திரத்திலிருந்து வந்த குறை மன்னிக்கத் தேவையே இல்லாதபடி மறக்கப்படும். துணிவிலிருந்து வந்த குறை மட்டும் படத்தில் நிலைத்து நிற்கும். வரிசைக்கு எது இன்றியமையாதது என்பதை நமக்குச் சொல்வதும் அதுதான். கோட்டு நிறமும் முகத்தின் வடிவமும் மாறலாம், கதை விண்வெளிக்கும் போகலாம். தடை மட்டும் இல்லாமல் போகக்கூடாது என்பதைத் தோற்றுக் காட்டிய படம் பாபிலோன்.

திருட்டுப் படம் என்ற வகையில் அது தோல்வி. ஆனால் துணிந்து தோற்றது என்பதால், மாமோவுக்கும் காலியோஸ்ட்ரோவுக்கும் பிறகு மூன்றாவதாகப் பார்க்க ஒரு லூபின் படத்தைக் கேட்டால், நேர்த்தியான சிறப்புப் படங்களை விட்டுவிட்டு இதையே பரிந்துரைப்பேன்.