வெண்ணெய்நல்லூர் வழக்கும் இயைபும்

திண்டிவனத்து அன்பர் ஒருவர், சேக்கிழார் பெருமான் தடுத்தாட்கொண்ட புராணத்தில் ஓலை வழக்கினை இத்துணை விரித்தது பத்திநூலுக்கு இயைபின்றென்றும், இறைவன் ஆட்கொண்டான் என்னும் அளவே அமையுமென்றும் எம்மிடம் கூறினர். அக்கூற்றுப் பொருந்தாமையை ஈண்டுக் காட்டுதும்.

ஒரு செய்தி மெய்யாதல் வேறு. எடுத்துக்கொண்ட வினாவிற்கு அஃது இயைதல் வேறு. புத்தூர் மணப்பந்தரில் ஆரூரர், அந்தணர்க்கு அந்தணர் அடிமையாதல் இல்லை என்றார். உலகவழக்கின் அது மெய்யே. ஆயினும், இவர் அடிமையோ அல்லரோ என்னும் வினாவை அது முடித்துவையாது. ஓலையைக் கிழித்ததும் அத்தகையதே. ஆகலின் வெண்ணெய்நல்லூர் அவையத்தார், வலிந்து கிழித்தல் வெற்றியாகாதென விலக்கி, ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் நிறுவுகவென முதியவரைக் கேட்டனர். கிழிபட்டது படியோலை; மூலவோலை அவையிற் போந்தது. பாட்டனார் எழுத்தைக் காப்பிலிருந்த பிறிதோர் ஓலையோடு ஒப்புநோக்கி அவர் தெளிந்தனர்.

பாட்டன் எழுதியது பேரனை எங்ஙனம் பற்றுமெனின், தன் மரபினரும் வழித்தொண்டு செய்வர் என்னும் பொருள் அவ்வோலையுட் கிடத்தலாற் பற்றும். இதுவே வழக்கின் உயிர்நிலை. இஃதின்றேல் எழுத்து மெய்யாயினும் இயைபின்றாம். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும், அதற்கீடாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும், வழக்கிடைப்பட்ட செய்திகட்கும் அவற்றோடு இயைபுடையனவற்றுக்குமே சாட்சியங் கொள்வனவாய், கையெழுத்தை ஒப்பிட்டுக் காண்டற்கும் இடந்தருதல் ஈண்டு நோக்கத்தக்கது.

இனிச் சித்தாந்த முறையிற் காண்போம். ஆணவ மறைப்பால் உயிர் தன் அடிமைத்திறத்தை அறியாது. அறியாத ஒன்றைத் தனக்கு இயைபின்றெனத் தள்ளுதல் அதற்கு வழக்கம். ஆரூரரும் இது தமக்குத் தெளியவொண்ணாதென்றே அவையிற் கூறினர். ஆயினும் அடிமை அவர்தம் நினைவாலன்றி முன்னைத் தொடர்பால் அமைந்தது. ஆகவே இயைபு என்பது உணர்வார் விருப்பம்பற்றி வருவதன்று. பொருளின் தொடர்புபற்றி உளதாவது. வலிந்து கொள்ளவல்ல இறைவன் வழக்கிட்டு வென்றது இதனை உணர்த்தற்கே என்க. பின்னர் அவ்வூரிலேயே 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் சிவஞானபோதச் சூத்திரம் 12-ஐயும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு எனப் பகுத்து நிறுவினர். மேற்கோளைச் சாராத ஏது எத்துணை மெய்யாயினும் ஆண்டு இடம்பெறாது.

அன்பர் கூறியாங்கு மணக்கோல வருணனையைச் சுருக்கினும் கதை நிற்கும். ஓலையைச் சுருக்கின் நில்லாது. விழுப்புரத்திற்கு வெண்ணெய்நல்லூர் சேய்த்தன்று. அன்பர் அருட்டுறையை வணங்கி, வழக்குத் தீர்த்த மண்டபத்திலிருந்து அப்புராணத்தை மீண்டும் ஒருமுறை ஓதுவாராக.