சம இடைவெளி என்னும் கற்பனை

பிராங்க்–ஹெர்ட்ஸ் சோதனையை இயற்பியல் மாணவர் எல்லோரும் படித்திருப்பீர்கள். பாடநூல்கள் அதனை விளக்கும் முறையில் தெளிவு உண்டு. ஆனால் தெளிவை நாடி உண்மையில் ஒரு பகுதியைக் கைவிட்டுவிட்டார்கள் என்பதே நம் குறை.

முதலில் பாடம் கூறுவதைக் காண்போம். குழாயில் நியான் வாயு இருக்கிறது. சூடான எதிர்முனையிலிருந்து புறப்படும் எலக்ட்ரான்களைக் கம்பிவலை ஒன்று முடுக்குகிறது. வலையைக் கடந்தவை, சிறியதோர் எதிர்ப்பு மின்னழுத்தத்தை வென்று சேர்முனையை அடைய வேண்டும். முடுக்கும் மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட்ட மின்னோட்டம் உயரும். எலக்ட்ரான்கள் தம் ஆற்றலை அணுக்களிடம் பறிகொடுக்கும் நிலை வந்ததும் சரியும். இவ்வாறு ஏறத்தாழ 19 வோல்ட்டுக்கு ஒருமுறை சரிவு வருகிறது. இச்சரிவுகளின் சம இடைவெளியே நியானின் முதல் கிளர்வு ஆற்றல் என்று பாடம் முடிகிறது.

இங்கே பிழைகள் இரண்டு. நியானின் மிகத் தாழ்ந்த கிளர்வு நிலைகள் நான்கும் 16.6 முதல் 16.9 எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் உள்ளன. 18.4 முதல் 19.0 வரை இருப்பவை அவற்றுக்கு மேலுள்ள பத்து நிலைகள். குழாயில் நீங்கள் காணும் செம்மஞ்சள் ஒளி, அப்பத்து நிலைகளிலிருந்து கீழுள்ள நான்கிற்கு அணு இறங்கும்போது பிறப்பதே. ஆகவே 19 என்பது ‘முதல்’ படியன்று.

இரண்டாவது, இடைவெளிகள் சமமும் அல்ல. ஓர் எலக்ட்ரான் 16.6 எலக்ட்ரான் வோல்ட்டை எட்டிய கணத்திலேயே அணுவைக் கிளர்த்திவிடுவதில்லை. அந்த எல்லையில் கிளர்வு நிகழும் வாய்ப்பு சுழியம். ஆற்றல் கூடும்போதுதான் வாய்ப்பும் வளர்கிறது. மோதலுக்கு ஓர் அணு எதிர்ப்படும் வரை எலக்ட்ரான் மேலும் முடுக்கம் பெறுகிறது. மின்னழுத்தம் கூடினால் அந்தக் கூடுதல் ஆற்றலும் கூடும். எனவே அடுத்தடுத்த இடைவெளிகள் சிறிது சிறிதாக அகல்கின்றன. ஹாம்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் பாதரசம், நியான் இரண்டிலும் இதனை அளந்து காட்டினார்கள்.

வரலாற்றிலும் பாடம் சறுக்குகிறது. போரின் கொள்கையை மெய்ப்பிக்கவே இச்சோதனை செய்யப்பட்டதாக எழுதுகிறார்கள். 1914இல் பிராங்க்கும் ஹெர்ட்ஸும் பாதரசத்தில் கண்ட 4.9 வோல்ட்டை அயனியாக்க மின்னழுத்தம் என்றே கருதினர். ஹீலியத்தில் கண்ட 20.5 வோல்ட்டையும் அவ்வாறே கொண்டனர். உண்மையில் ஹீலியம் அயனியாக 24.6 வோல்ட் வேண்டும். அது கிளர்வாக இருக்கலாம் என்று 1915இல் சுட்டியவர் போர்.

இவை நுணுக்கங்கள்தாமே, மாணவருக்கு எதற்கு என்று கேட்கலாம். சோதனைச் சாலையை நினைத்துப் பாருங்கள். இடைவெளி அகல்வதைக் கண்ட மாணவர் தம் அளவீட்டையே ஐயுறுகிறார். எண்களைத் திருத்தி, சராசரி எடுத்துப் பதிவேட்டில் எழுதுகிறார். பிழை பாடத்தில் இருக்க, பழி அவர் கண்மீது விழுகிறது. இது அறிவியல் கல்வி ஆகுமா?

அடுத்த முறை சராசரி எடுக்காதீர்கள். ஒவ்வோர் இடைவெளியையும் அதன் வரிசை எண்ணுக்கு எதிரே வரைபடத்தில் குறியுங்கள். சாய்ந்த நேர்கோடு கிடைக்கும். அதைப் பின்னோக்கி நீட்டி, வரிசை எண் அரை ஆகுமிடத்தில் படியுங்கள்; மிகக் குறைந்த கிளர்வு ஆற்றல் அங்கே தெரியும். கோட்டின் சாய்வோ, எலக்ட்ரான் மோதலின்றிச் செல்லும் தொலைவைச் சொல்லும். பிழை என்று நீங்கள் அழிக்கவிருந்த எண்களில்தான் அந்த இரண்டாவது விடை இருக்கிறது.