பமீலா வரைந்த சீட்டுகள்

டாரட் சீட்டு பார்க்கப் பழகத் தொடங்குகிறவர் முதலில் எந்தக் கட்டு வாங்கலாம் என்று கேட்டால், தயங்காமல் ரைடர்-வெயிட் கட்டைத்தான் சொல்வேன். 1909இல் லண்டனில் வெளிவந்தது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட்டார். 78 சீட்டுகளையும் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். கட்டின் பெயரில் பதிப்பாளர் ரைடரும் வெயிட்டும் இருக்கிறார்கள், ஓவியர் இல்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. சீட்டின் மூலையில் அவர் சுழித்துப் போட்ட கையெழுத்தையாவது தேடிப் பாருங்கள்.

பழைய மார்செய் டாரட் கட்டில் ‘கோப்பை ஐந்து’ என்ற சீட்டில் ஐந்து கோப்பைகளும் கொஞ்சம் பூவேலையும்தான். சீட்டின் பொருளை மனப்பாடம் செய்தாக வேண்டும். பமீலா அங்கே மனிதரைக் கொண்டுவந்தார். கறுப்பு அங்கி போர்த்திய ஒருவர் தலைகுனிந்து நிற்கிறார். எதிரே மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன. அவர் இன்னும் திரும்பவில்லை. கையேடு இல்லாமலே துக்கம் புரிகிறது. பமீலா நாடக மேடைக்கும் வேலை செய்தவர். ஓர் உடல் நிற்கும் விதத்திலேயே கதை சொல்லிவிடுவார்.

க்ரௌலி என்பவர் திட்டமிட்ட தோத் என்ற டாரட் கட்டும் அழகுதான், ஆனால் அதற்கு முன்னறிவு வேண்டும். பிறகு வாங்கலாம். ரைடர்-வெயிட்டிலேயே பதிப்புகள் பல. மஞ்சளும் நீலமும் கண்ணைப் பறிப்பவை உண்டு. 2009இல் வந்த நூற்றாண்டுப் பதிப்பின் அடங்கிய வண்ணங்களே எனக்குப் பிடித்தவை. கோடுகள் அதில் தெளிவாகப் பேசுகின்றன.