நிறபேதமும் தமிழ் மர்ம நாவலும்

வாஞ்சி மணியாச்சி ரயில் நிலையத்தில் தூத்துக்குடி வண்டிக்காகக் காத்திருந்த ஒரு பிற்பகலில், சுஜாதாவின் ‘ரத்தம் ஒரே நிறம்’ நாவலை இரண்டாம் முறை வாசித்து முடித்தேன். தன் தகப்பனைக் கொன்ற மக்கின்ஸி என்னும் வெள்ளை ராணுவ அதிகாரியைப் பழிவாங்கும் பொருட்டு, முத்துக்குமரன் என்ற தமிழ் இளைஞன் வடக்கே நெடுந்தூரம் போய், 1857-ஆம் வருஷத்துக் கலகத்தின் நெருப்பிலே அகப்பட்டுக்கொள்வதுதான் கதை. குமுதத்தில் முதலில் வேறு தலைப்பில் தொடங்கி, எதிர்ப்பு எழுந்து நிறுத்தப்பட்டு, பிறகு இந்தத் தலைப்போடு மீண்டும் வந்த தொடர் இது. வாரந்தோறும் வாசகனை இழுத்துக்கொண்டு போகவேண்டிய நிர்ப்பந்தத்துக்கு இடையிலும், மனிதனை மனிதன் தோலின் நிறத்தைக் கொண்டு மட்டம் தட்டுகிற அநீதியை விறுவிறுப்பான கதையின் உயிர்நாடியாக்கிய தமிழ் நூல் என்று கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். இரண்டாவது எது என்று யோசித்தபோதுதான் இந்தக் கட்டுரைக்கான விஷயம் பிறந்தது.

தமிழில் மர்ம நாவலுக்குப் பஞ்சமில்லை. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகிய மூவரும் போட்ட பாதையில் தமிழ்வாணனின் சங்கர்லாலும், சுஜாதாவின் கணேஷும் வசந்தும் நடந்து வந்தார்கள். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ வெளிவந்த வருஷம் 1908. துப்பறியும் கோவிந்தன் குற்றவாளியைக் கண்டுபிடித்துச் சட்டத்தின் கையில் ஒப்படைப்பதை வாசகர்கள் ஆவலோடு படித்த அதே வருஷத்தில், மார்ச் 12-ஆம் தேதி வ. உ. சிதம்பரம் பிள்ளை கைதானார்; மறுநாள் திருநெல்வேலியில் துப்பாக்கிப் பிரயோகத்தில் நாலு பேர் மாண்டார்கள்; ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே அவருக்கு, ராஜத்துரோகமாகப் பேசியதற்கு ஓர் ஆயுள் தண்டனையும், சுப்பிரமணிய சிவாவுக்கு ஆதரவு தந்ததற்கு இன்னோர் ஆயுள் தண்டனையும் விதித்தார். மேல் முறையீட்டில் அது 6 வருஷமாகக் குறைந்தது என்பது வேறு கதை. துப்பறியும் நாவலுக்கு ஆதாரமான நம்பிக்கை ஒன்று உண்டு: குற்றவாளி எங்கோ ஒளிந்திருக்கிறான், சட்டம் அவனைத் தேடிக்கொண்டிருக்கிறது என்பது. திருநெல்வேலியிலோ குற்றம் ஒளியவேயில்லை; நியாயஸ்தலத்தின் மேடையிலேயே அது அமர்ந்திருந்தது. அந்நிய தேசத்துக் கதைகளைத் தழுவி வளர்ந்த நம் மர்ம நாவல், போலீசையும் கோர்ட்டையும் சந்தேகிக்கக் கற்றுக்கொள்ளாததனால்தான், தன் காலத்தின் மிகப் பெரிய வழக்கை எட்டிக்கூடப் பார்க்காமல் போயிற்று என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவில் இது வேறு விதமாக நடந்தது. சிறையில் இருந்தவரும், பிற்பாடு பாரிஸ் நகரத்தில் குடியேறியவருமான கறுப்பின எழுத்தாளர் செஸ்டர் ஹைம்ஸ், 1957 முதல் ஹார்லெம் பகுதியின் இரண்டு கறுப்புத் துப்பறிவோரை வைத்து எழுதிய நாவல்களில், சட்டத்தைக் காக்கிற உத்தியோகஸ்தனே அந்தச் சட்டத்தினால் அவமானப்படுகிறவனாகவும் இருக்கிறான். ஜான் பால் 1965-இல் எழுதிய நாவலிலோ, தென்பகுதிச் சிற்றூர் ஒன்றில் கொலை நடந்த இரவில், ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருக்கும் கறுப்பு மனிதன் ஒருவன், கறுப்பன் என்ற ஒரே காரணத்துக்காகக் கைதுசெய்யப்படுகிறான். அவனே கலிஃபோர்னியாவின் தேர்ந்த போலீஸ் அதிகாரி என்று தெரியவரும்போது வாசகனுக்கு உண்டாகும் வெட்கந்தான் அந்தக் கதையின் பலம். கொலையாளி யார் என்ற கேள்வி அங்கே மெல்லப் பின்னுக்குப் போய், காத்திருக்கும் பிரயாணியைக் கண்டதும் போலீஸ்காரனின் கை ஏன் துப்பாக்கிக்குப் போயிற்று என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது.

மணியாச்சியும் காத்திருக்கும் பிரயாணிகளின் ஊர்தான். 1911 ஜூன் 17-ஆம் தேதி காலை, மனைவியோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்ட கலெக்டர் ஆஷின் முதல் வகுப்புப் பெட்டி இங்கே இணைப்பு வண்டிக்காக ஏறத்தாழப் பத்து நிமிஷம் நின்றது. செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டியில் ஏறிச் சுட்டுவிட்டு, ஓடிப்போய்த் தன்னையே சுட்டுக்கொண்டு செத்தார். சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. 1908-இல் தூத்துக்குடியில் சப்-கலெக்டராயிருந்தவர் இந்த ஆஷ். சுதேசிக் கப்பல் கம்பெனியை ஒடுக்குவதற்கும், அந்த வருஷம் பிப்ரவரி 27-ஆம் தேதி தொடங்கிய கோரல் மில் வேலைநிறுத்தத்தை அடக்குவதற்கும் முன்நின்றவர் என்று ஊர் நம்பியது. சுதேசியத்தை எதிர்த்துப் பேசிய ஒரு கனவானுக்குப் பாதி முகம் க்ஷவரம் பண்ணிய நாவிதர், மீதியைச் செய்ய மறுத்துக் கத்தியை மடக்கிக்கொண்டு போய்விட்டார் என்று வ.உ.சி. வரலாறுகள் சொல்லும் அந்நாளைய தூத்துக்குடியை நினைத்துப் பாருங்கள்: அந்த அரை முகத்திலிருந்தே ஒரு நாவலைத் தொடங்கலாம்.

ஆனால் அதை எழுதப் புகுகிறவர் அந்தக் கடிதத்தை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. வெள்ளையனின் ஆட்சியைச் சபிக்கும் அதே மூச்சில், அரசன் ஐந்தாம் ஜார்ஜைப் பசு மாமிசம் தின்னும் பஞ்சமன் என்று அது இகழ்கிறது. நிறத்தினால் மிதிபட்டவன், தன்னை மிதித்தவனைத் திட்டுவதற்குத் தனக்குக் கீழே மிதிபட்டுக் கிடப்பவனின் ஜாதிப் பெயரையே எடுத்துக்கொள்கிறான். துப்பறிவோன் உண்மையிலேயே துப்பறிவோனாயிருந்தால், துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடித்ததோடு விசாரணையை முடித்துக்கொள்ளமாட்டான்; அந்த ஒற்றைச் சொல் எங்கிருந்து வந்தது என்றும் கேட்பான். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘ஆஷ் அடிச்சுவட்டில்’ போன்ற ஆராய்ச்சிகள் ஆவணங்களைத் திறந்து வைத்துவிட்டன. பி. ஏ. கிருஷ்ணனின் ‘புலிநகக் கொன்றை’ இந்தக் காலத்தைக் குடும்பக் கதையின் வழியாகத் தொட்டிருக்கிறது. மர்ம நாவலாசிரியர்தான் இன்னும் வரவில்லை.

தமிழில் இந்த அநீதியைச் சொன்னவர்கள் வேறு வகை எழுத்தாளர்கள். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யில் திருநெல்வேலிச் சீமையின் மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் வெள்ளைத்துரைக்கு இரையாகிறாள். வால்பாறைத் தோட்டங்களில் டாக்டராயிருந்த பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேளின் தமிழில் ‘எரியும் பனிக்காடு’ என்று வந்த நாவலில், கறுப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்துக்கு மயங்கி நெல்லைச் சீமையை விட்டுக் கிளம்புகிறார்கள். இவற்றை மர்மக் கதை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் கங்காணி நீட்டும் வெற்றிலைக்கும் தோட்டத்துக் கணக்குப் புஸ்தகத்துக்கும் நடுவே உள்ள மோசடியைப் பக்கம் பக்கமாகப் பின்தொடர்கையில் எனக்கு உண்டாகும் பதைப்பு, எந்தத் துப்பறியும் கதையிலும் உண்டானதில்லை.

முத்துக் குளிக்கும் சலாபமும் மர்ம நாவலுக்கு ஏற்ற நிலந்தான். அந்தக் காலத்தில் சர்க்கார் குறித்துக் கொடுத்த சிப்பிப் பாரின்மேல் தோணிகள் நிற்கும். கல்லைக் காலில் கோத்துக்கொண்டு குளியாள் இறங்குவான். மேலே கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்கவேண்டும் என்பது கரையின் வழக்கு, தங்கை தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்று. சுறா கடிக்காதபடி மந்திரிக்கக் கடல்கட்டிக்குக் கூலி உண்டு. கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு மூச்சடக்கிய குளியாளுக்கு. அந்தக் குவியல் பிரிக்கப்படும் இடத்தில் அதிகாரியின் கண்ணும் குளியாளின் கண்ணும் ஒரே சிப்பியில் விழுகிற கணம் ஒன்று இருந்திருக்குமே, அதற்கு மேல் ஒரு கதாசிரியனுக்கு என்ன வேண்டும்?

தூத்துக்குடி வண்டி வந்தது. வாஞ்சியின் பெயரைத் தாங்கிய பலகை பின்னால் போயிற்று. உடைமரக் காட்டைத் தாண்டிச் சிறிது நேரத்தில் தட்டப்பாறை வந்தது. கொழும்புக் கப்பல் ஏறுமுன் தோட்டக் கூலிகளை நோய்ப் பரிசோதனைக்கென்று அடைத்து வைத்திருந்த முகாம் இருந்த இடம் இது. மூட்டையும் முடிச்சுமாக எத்தனையோ குடும்பங்கள் இங்கே நாள் எண்ணிக் காத்திருந்தன. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பலகையில் ஊரின் பெயர் மட்டும் இருந்தது.