மைக்ரோமீட்டரின் நிதானம்

கோலார் தங்கவயலில், பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமாக இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் பெருமையைப் பேசாதவர் இல்லை. ஆயினும், 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னரும் அவ்வூரை விட்டு அகலாமல், பெமல் என்னும் யந்திரத் தொழிற்சாலையின் கடைசல் தொழிலாளர் கையில் விளங்கும் மைக்ரோமீட்டர் என்னும் சிறு அளவுக் கருவியின் சூக்ஷ்மமும் போற்றத்தக்கதே.

ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும் திருகும், 50 கூறுகளாகப் பிரிக்கப்பட்ட உருளை விளிம்பும் சேர்வதால், அதன் ஒரு கோடு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைக் காட்டுகிறது. நுனியிலுள்ள ராட்செட் என்னும் குமிழைத் திருப்பினால், அளக்கும் முகங்கள் பொருளைத் தொட்டதும் அது 'கிளிக்'கென்று நழுவி, பலசாலிக்கும் மெலிந்தவனுக்கும் ஒரே அழுத்தத்தையே அனுமதிக்கிறது.

பித்தளையின் சுபாவமோ உஷ்ணத்தில் விரிவது. கடைசல் யந்திரத்திலிருந்து சூடாக எடுத்த 50 மில்லிமீட்டர் பித்தளைப் புஷ் என்னும் குழல், பத்து டிகிரி ஆறினால் ஏறக்குறைய ஒரு கோடளவு சுருங்கிவிடும். ஆகவேதான் 1931இல் 20 டிகிரி செல்சியஸ் நீள அளவீட்டுக்குச் சர்வதேசப் பிரமாணமாயிற்று. அளப்பவருக்கு உரிய தர்மம் இதுதான்: முகங்களைத் துடைத்து, பூஜ்யத்தைச் சரிபார்த்து, பொருளை ஆறவிட்டு, அதே இடத்தில், அதே அழுத்தத்தோடு மீண்டும் அளக்க வேண்டும்.

இருவர் தனித்தனியே அளந்தும் ஒரே எண் வருமாயின், அப்போதுதான் அந்தப் புஷ்ஷை யந்திரத்தில் பொருத்தலாம். அந்த யந்திரத்தை நம்பி மனிதர் வேலையும் செய்யலாம்.