மேய்க்கால்: பட்டாவுக்கு வெளியே ஒரு வாசிப்பு

நிலம் பற்றி நாம் எழுதியதெல்லாம் பெரும்பாலும் பட்டா நிலம் பற்றித்தான். நாவலோ துண்டறிக்கையோ, எதை எடுத்தாலும் உழுதவன், குத்தகைக்காரன், கூலியாள் என்று வரிசை போகும். மேய்த்தவன் அதில் வரமாட்டான். ஒரகடம் பக்கம் போனால் இது உறைக்கிறது. கார்த் தொழிற்சாலை மதிலோரம் நாலு மாடு புல் கடித்துக்கொண்டு நிற்கும், கண்டெய்னர் லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். மாட்டுக்காரன் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

இந்த மறதி நம் திணை வாசிப்பிலேயே இருக்கிறது. முல்லை என்றால் காடு, ஆயர். மருதம் என்றால் வயல், உழவர். எம்.ஏ. தமிழில் இப்படித்தான் மனப்பாடம் செய்தோம். ஆனால் அறுப்பு முடிந்ததும் வயலுக்குள் ஆடு ஓட்டி வருகிறவனுக்கு முல்லையும் மருதமும் ஒரே இடத்தின் இரண்டு பருவங்கள். இன்னொரு வேடிக்கை, முல்லையின் உரிப்பொருள் 'இருத்தல்'. நடந்துகொண்டே இருப்பவனின் நிலத்துக்கு வீட்டில் காத்திருப்பதை ஒழுக்கமாக வைத்தது நிலைகுடியின் பார்வையல்லாமல் வேறென்ன?

காலனியம் இதைச் சட்டமாக்கியது. கால்நடை அத்துமீறல் சட்டம், குற்றப் பரம்பரைச் சட்டம் இரண்டும் 1871இல் வந்தவை. வெள்ளாமையில் வாய் வைத்த மாடு பவுண்டுக்குப் போனது. ஊர் ஊராகச் சுற்றிய மனிதன் போலீஸ் பதிவேட்டுக்குப் போனான்.

கி. ராஜநாராயணனின் 'கிடை' வெள்ளாமைச் சேதம் ஒன்றைப் பற்றிய விசாரணை. ஆடு யாருடையது, மேய்த்தது யார் என்று துப்புத் துலக்கிக்கொண்டே போகிற கதை, கடைசியில் ஆட்டை விட்டுவிட்டு ஒரு காதலைப் பிடிக்கிறது. எல்லப்பனுக்குக் கல்யாணம். தலித் பெண்ணான செவனிக்குப் பேயோட்டு. காட்டுக்காரனும் கிடைக்காரனும் சமாதானமாகிவிடலாம், அதற்கான விலையை அவள் கொடுக்கிறாள். கரிசல் மணம், வட்டார வழக்கு என்று இந்தப் பிரதியைக் கொண்டாடியவர்கள் இந்தக் கணக்கைப் பேசியது குறைவு.

சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி'யில் மேய்ப்பவன் வெளியூரான். இராமநாதபுரத்துக் கிடைகள் கோடையில் தஞ்சைப் பக்கம் இறங்கும். ராத்திரி வயலில் கிடை போட்டால் சம்சாரிக்கு எரு, கீதாரிக்கு நெல்லோ காசோ. யூரியா மூட்டை வந்ததும் இந்த உறவு ஆட்டம் கண்டது. சம்பா அறுப்புக்கு முன்பே ஈரத்தில் தெளிக்கிற உளுந்தும் பயறும் வீடு வந்து சேரும்வரை ஆடு வரப்பேறக் கூடாது. நேற்று கூப்பிட்டு நிறுத்திய கிடை இன்று அத்துமீறல். விவசாயியை வில்லனாக்க இதைச் சொல்லவில்லை, உளுந்து போனால் அவனும் கடனாளிதான்.

டெல்யூஸும் கத்தாரியும் நாடோடியைக் கொண்டாடினார்கள் என்று சிறுபத்திரிகைக்காரர்கள் நாமும் கொண்டாடினோம். சொல்லாடலில் அவன் ராஜா. ரேஷன் கார்டு கேட்டுப் போனால் முகவரி இல்லை. தவிர, அவன் சாதியைக் கழற்றிவிட்டு நடப்பவனும் அல்ல. செவனியின் உடம்பைக் கேட்டால் தெரியும்.

நம் போராட்டங்களுக்கு வருவோம். 2006 வன உரிமைச் சட்டம் நாடோடி மேய்ப்பர்களின் பருவகால உரிமையைப் பெயர் சொல்லியே ஏற்கிறது. ஆனாலும் 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் முழுவதிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டு, பிறகு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கிக்கொண்டது. 2013 நிலமெடுப்புச் சட்டத்தின் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற வரையறையில் விவசாயக் கூலி உண்டு, மீனவர் உண்டு, வேட்டையாடுபவர், படகோட்டிகூட உண்டு. மேய்ப்பவர் என்ற சொல் கிடையாது. பட்டா நிலம் போனால் இழப்பீடு பற்றிப் பேசவாவது முடிகிறது. மேய்க்கால் புறம்போக்கு போனால் அது ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குக் கைமாறும் காகிதம், அவ்வளவுதான்.

நம் கோரிக்கை மனுக்களும் இதே வரையறையைத்தான் நகலெடுக்கின்றன. ஏக்கருக்கு எவ்வளவு, வீட்டுக்கு ஒரு வேலை உண்டா என்று கேட்கிறோம். 'கிடை'யில் ஆடு மேய்ந்ததற்கு ஊர் கூடி ஒரு விசாரணையாவது நடந்தது. இங்கே மேய்க்கால் மேயப்பட்டதற்கு அந்த விசாரணைகூட இல்லை. தோழர்கள் அடுத்த மனுவை எழுதுமுன் கிராமத்து 'அ' பதிவேட்டை வாங்கி, மேய்க்கால் என்று எழுதியிருக்கும் சர்வே எண்கள் இன்று எந்த மதிலுக்குள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.